மிஷன் போகிறவருக்கு: விண்ணப்பம் முதல் விடுவிப்பு வரை

மார்மன்கள் என்று பலர் அறிந்த சபையின் இளைஞர்கள் தங்கள் மதத்தைப் பரப்ப ஒன்றரை, இரண்டு ஆண்டு வேறு ஊரில் போய் இருப்பதுதான் மிஷன். அதற்குத் தயாராகும் பையன்கள் பெரும்பாலும் சபையின் வேதமான மார்மன் புஸ்தகத்தை இன்னொரு தடவை படித்து முடிப்பார்கள். நல்லதுதான். ஆனால் போய் இறங்கிய முதல் மாதத்தில் ஆளைப் படுத்துவது வேதக் கேள்விகள் இல்லை. கால் கொப்புளம், வயிற்றுப்போக்கு, நடுவில் காலாவதியாகும் பாஸ்போர்ட், இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கும் முன்பின் தெரியாத ஒரு ஆள்: படுத்துவது இவைதான். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகும் ஒருவரை மனதில் வைத்து எழுதிய குறிப்பு இது. பெண்களுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறது.

விண்ணப்பம், பணம்

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018 முதல் தலைமையே "மார்மன்" என்ற அடைமொழியைத் தவிர்க்கச் சொல்கிறது. விசா படிவத்திலும் எல்லைச் சோதனையிலும் முழுப்பெயரையே எழுதுங்கள், சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தில் (எந்த நாடு என்று சபை தெரிவிக்கும் கடிதம்) ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர் என்றால் அதிகாரி கேள்வி கேட்பார்.

ஆண்கள் 18 வயதில் போகலாம், 24 மாதம். பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 2012-இல் 21-லிருந்து 19 ஆகி, 2025 நவம்பரில் அதுவும் 18 ஆனது. அவர்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பது உங்கள் கையில் இல்லை. அப்போஸ்தலர்கள் எனப்படும் சபைத் தலைவர்களில் ஒருவர் உங்கள் விண்ணப்பத்தையும் காலியிடங்களையும் பார்த்து ஒதுக்குவார். அழைப்பு இப்போது இணையத்தில் வருகிறது.

விண்ணப்பத்துக்கு மருத்துவர் பரிசோதனை, பல் மருத்துவர் பரிசோதனை, புகைப்படம், பிஷப்புடன் (உங்கள் உள்ளூர்ச் சபையின் தலைவர்) நேர்காணல், அதன்பின் ஸ்டேக் தலைவருடன் (பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பானவர்) நேர்காணல். முதலில் பல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஞானப்பல் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், எடுத்துப் புண் ஆறும்வரை மற்ற வேலைகள் நிற்கும். பல பேரின் விண்ணப்பம் அங்கேதான் தேங்குகிறது.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, கடலை ஒவ்வாமை, இன்சுலின், மனச்சோர்வுக்கு மாத்திரை என்று எது இருந்தாலும் எழுதுங்கள். குளிர்பதனப் பெட்டி நம்பிக்கையாக ஓடாத ஊருக்கு இன்சுலின் போடுகிறவரை அனுப்பாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கேள்விகள். "குணமாகிவிட்டது" என்று காட்டுவதற்காகப் புறப்படும் முன் மாத்திரையைத் தானாக நிறுத்துவது, மூன்றாவது மாதத்தில் வீட்டுக்கு டிக்கெட் எடுப்பதற்குச் சமம். வீட்டிலேயே இருந்து செய்யும் சேவை மிஷன் என்று ஒரு வழியும் இருக்கிறது. அதை இரண்டாந்தரமாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

செலவு 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர். டோக்கியோவானாலும் லீமாவானாலும் அதே தொகை. 24 மாதத்துக்கு 12,000, 18 மாதத்துக்கு 9,000. இந்தப் பணம் நேராக உங்கள் கைக்கு வராது, சபைக்குப் போகும். மிஷன் அலுவலகம் (ஊழியம் நடக்கும் பகுதிக்கும் மிஷன் என்றே பெயர்) அந்த ஊர் விலைவாசிக்கு ஏற்ப மாதப்படியை ஒரு அட்டையில் ஏற்றித் தரும். உடை, செருப்பு, பாஸ்போர்ட், ஊரிலிருந்து வாங்கிவரும் நினைவுப் பொருள் எல்லாம் உங்கள் சொந்தச் செலவு. அதற்குத் தனியாக ஒரு தொகை சேர்த்து வையுங்கள்.

காகிதங்கள்

அமெரிக்காவில் 16 வயதுக்குள் எடுத்த பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். 15 வயதில் குடும்பச் சுற்றுலாவுக்காக எடுத்திருந்தால் 20-இல் முடிந்துவிடும், அதாவது மிஷன் நடுவில். பல நாடுகள் நுழையும்போது இன்னும் ஆறு மாதமாவது மீதி கேட்கின்றன. விசாவைப் புதுப்பிக்கும்போதும் அதே கதை. மூன்று ஆண்டுக்குக் குறைவாக மீதி இருந்தால் அழைப்புக்குக் காத்திராமல் இப்போதே புதுப்பியுங்கள்.

விசாவுக்குப் பல நாடுகள் காவல்துறை நற்சான்றும் அதன் மேல் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) கேட்கும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நற்சான்று மூன்றிலும் நடுப்பெயர் உட்பட ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து மட்டும், மற்றொன்றில் முழுப்பெயர் என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விசா தாமதமானால் பயப்பட வேண்டாம். பிரேசிலுக்கு அழைக்கப்பட்டவர்கள் பல வாரங்கள் அமெரிக்காவிலேயே ஒரு மிஷனில் தற்காலிகமாக வேலை செய்வது வெகு சாதாரணம். பெட்டியில் குளிருக்கு ஒரு உடை மேலாக இருக்கட்டும். ரியோ வெயிலுக்குக் கட்டிய பெட்டியோடு ஜனவரியில் ஐடஹோவில் நிற்கவேண்டி வரலாம். பிரேசிலில் இறங்கியபின் 90 நாளுக்குள் கூட்டரசுக் காவல்துறையில் பதிய வேண்டும். மிஷன் அலுவலகம் அழைத்துப்போகும், ஆனால் தேதியை நீங்களும் குறித்து வையுங்கள்.

சில நாடுகளில் சட்டமே வேலையின் முறையை மாற்றிவிடும். ரஷ்யாவில் 2016 ஜூலைச் சட்டத்துக்குப் பிறகு தெருவில் மதம் பேசுவது கூடாது, அங்கே மிஷன் ஊழியர்களின் பெயரே "தன்னார்வலர்". 2019 மார்ச்சில் நோவோரோசிஸ்க் நகரில் இருவரைப் பிடித்து வைத்திருந்து நாடு கடத்தினார்கள். உங்கள் நாட்டில் எது கூடும், எது கூடாது என்று உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் முதல் நாள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் முடிக்க வேண்டியவை சில. வங்கி, வரி வேலைகளுக்குப் பெற்றோரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம். கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் தள்ளிவைக்கக் கடிதம். இதைப் புறப்படும் முன் எழுத்தில் வாங்க வேண்டும், பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்கள் 18 முடிந்த 30 நாளுக்குள் ராணுவப் பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள்.

தடுப்பூசிகளை உங்கள் நாட்டுக்கான பட்டியல்படி போடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். விமானத்துக்கு முந்தின வாரம் ஓடினால் எல்லையில் மாட்டுவீர்கள்.

பெட்டி

வழக்கமாக 23 கிலோவில் இரண்டு பெட்டி, கைப்பை ஒன்று. உங்கள் மிஷனின் உடைப் பட்டியல் வந்த பிறகே கடைக்குப் போங்கள். 2020 முதல் பல பகுதிகளில் ஆண்கள் நீலச் சட்டை போடலாம், டை இல்லாமலும் போகலாம். 2018 டிசம்பர் முதல் பெண்கள் கால்சட்டை அணியலாம். பழைய பட்டியலை நம்பி பத்து வெள்ளைச் சட்டையும் மூன்று கோட்டும் வாங்குவது வீண். வெப்பமான ஊரில் முழுப் பருத்திச் சட்டை வியர்வையில் ஊறிக் காயவே காயாது, கலப்புத் துணி பரவாயில்லை.

காசைக் கொட்ட வேண்டிய இடம் செருப்பு. இரண்டு ஜோடி ஷூ, அடிப்பாகம் ஒட்டியதாக இல்லாமல் தைத்ததாக. ஒட்டிய அடி மழையில் நாலு மாதத்தில் வாய் பிளக்கும்; தைத்ததை எந்த ஊர்ச் செருப்புத் தைப்பவரும் புது அடி போட்டுத் தருவார். புறப்படும் முன்பே குறைந்தது மூன்று வாரம் தினமும் போட்டு நடந்து பழக்குங்கள். இரண்டு ஜோடியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட வேண்டும், தோல் உள்ளே காய ஒரு நாள் பிடிக்கும்.

குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பியபின் ஒட்டுவது தாமதம். எழும்பி வலித்தால் ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு, வாஸ்லீன் தடவிக் கட்டுங்கள். தோலை உரித்தால் புண்ணாகி ஒரு வாரம் நொண்டுவீர்கள்.

பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, ஊசிநூல், ஒரு சின்ன சமையல் கத்தி (கைப்பையில் அல்ல, பெட்டியில்). இவ்வளவு போதும், மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

பயிற்சி மையமும் மொழியும்

முதல் வாரம் வீட்டிலிருந்தே இணையத்தில் பயிற்சி. அதன்பின் யூட்டாவின் ப்ரோவோ, அல்லது மெக்சிகோ நகரம், சாவ் பாலோ, மணிலா, அக்ரா, இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் போன்ற இடங்களில் ஒன்று. மொழி படிக்கத் தேவையில்லாதவர்களுக்கு ஓரிரு வாரம். ஸ்பானிஷுக்கு ஆறு வாரத்தை ஒட்டி. ஜப்பான், கொரிய, சீன மொழிகளுக்கு இன்னும் சில வாரம் கூடும்.

போன சில நாளிலேயே அந்த மொழியில் மதம் பற்றிய பாடம் நடத்தச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொட்டுவது ஒரு வாரம்தான் தாங்கும். மூன்று விஷயத்தை முதலில் பிடியுங்கள்: ஜெபம், உங்களை அறிமுகப்படுத்துவது, எதிராளி சொன்னது புரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லி மெதுவாகத் திரும்பச் சொல்லக் கேட்பது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தலையாட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் புரியாத ஒன்றுக்கு ஆமாம் சொல்லிவைப்பீர்கள். ஊருக்குப் போனபின் குழந்தைகளிடமும் வயதானவர்களிடமும் பேசுங்கள். குழந்தைகள் தயங்காமல் திருத்துவார்கள், பெரியவர்களுக்கு நேரம் இருக்கும்.

பயிற்சி மைய உணவுக்கூடத்தில் அளவில்லாமல் கிடைக்கும், உட்கார்ந்தே படிப்பு. எடை ஏறும். கால்சட்டையை இடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே வாங்குங்கள்.

துணை

நாள் காலை 6:30-க்கு எழுவதில் தொடங்கும்: உடற்பயிற்சி, குளியல், உணவு, தனிப்படிப்பு, துணையோடு (கூடவே தங்கி வேலை செய்யும் இன்னொரு ஊழியர்) படிப்பு, மொழிப் படிப்பு. பிறகு வெளியே. இரவு 10:30-க்குப் படுக்கை. நேரங்களை ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மிஷன் தலைவர் மாற்றுவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். துணை மாறலாம், ஊரும் மாறலாம். முதல் 12 வாரம் உங்களுக்குப் பயிற்சி தருகிற ஒருவரே துணையாக இருப்பார்.

மிஷனின் கடினமான பகுதி இந்த உறவுதான். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர், குளியலறை தவிர எங்கும் உங்கள் பார்வையில் இருப்பார். சண்டை பெரும்பாலும் விசுவாசத்தைப் பற்றி வருவதில்லை. கழுவாத சட்டி, ஒத்திவைத்த அலாரம், தெருவில் ஒருவர் வேகமாக முன்னே நடப்பது, பாடத்தில் மற்றவர் பேச்சை வெட்டுவது, இவற்றில்தான் வருகிறது.

முதல் இரவே மூன்றைப் பேசி முடியுங்கள்: யார் சமைப்பது யார் கழுவுவது, விளக்கு எப்போது அணைப்பது, பாடத்தில் ஒருவர் திணறினால் மற்றவர் எப்போது புகலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கண் ஜாடை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை துணைக்கூட்டம் உண்டு. அதில் குறை சொல்லும்போது செயலைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள். "நீ சோம்பேறி" என்றால் அடுத்த ஆறு வாரமும் மௌனம். "செவ்வாயும் புதனும் பத்து மணிக்குத்தான் கிளம்பினோம்" என்றால் பதில் வரும். மனத்தாங்கலை மாவட்டத் தலைவரிடம் (அருகிலுள்ள சில ஜோடிகளை மேற்பார்க்கும் சக ஊழியர்) முதலில் கொண்டுபோனால் அது புறம்பேசுவதாகத்தான் துணைக்குப் படும். துணையிடமே முதலில் பேசுங்கள்.

விதிவிலக்கு உண்டு. அடி, மிரட்டல், சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பது, உயிரை விடுவது பற்றிய பேச்சு, துணை தனியாக வெளியே போய்விடுவது: இவற்றுக்கு அன்றே மிஷன் தலைவருக்கு அழைக்க வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

வீட்டு ஏக்கம் முதல் ஆறு வாரத்தில் உச்சம். 2019 பிப்ரவரி முதல் வாரத்துக்கொரு முறை குடும்பத்தோடு காணொளியில் பேசலாம். அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டே தொலைபேசி அழைப்புகள்தான். பேசும் நேரத்தை ஒரு வரம்பில் வையுங்கள். மூன்று மணி நேரம் பேசினால் அன்று துணி துவைக்கவும் நேரம் இருக்காது, மனமும் ஊருக்குத் திரும்பாது.

சைக்கிள்

பல மிஷன்களில் கால் நடையும் சைக்கிளும் பேருந்தும்தான். ஹெல்மெட் கட்டாயம். வலது கால்சட்டை நுனியை ஒரு பட்டையால் கட்டுங்கள், சங்கிலியில் மாட்டினால் துணியும் போகும் ஆளும் விழுவார். பாவாடை அணிகிற பெண்கள் பின்சக்கரத்துக்கு வலை போட்டுக்கொள்வது நல்லது.

பஞ்சர் ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். காற்றை முழுவதும் இறக்கி, இரண்டு நெம்புகோலால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்பிலிருந்து எடுத்து டியூபை உருவுங்கள். டியூபில் காற்றடித்து, தண்ணீர் வாளியில் சுற்றிச்சுற்றி அமுக்கினால் குமிழ் வரும் இடம் ஓட்டை. பேனாவால் வட்டம் போடுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் முழுவதும் துடைத்துப் பாருங்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ அங்கேயே இருக்கும், துணியில் மாட்டும். அதை எடுக்காமல் ஒட்டினால் நூறு அடிக்குள் மறுபடி இறங்கும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருங்கள், சுமார் ஐந்து நிமிடம். ஈரப் பசையில் ஒட்டிய துண்டு நிற்காது. ஒட்டி அழுத்தி, டியூபில் கொஞ்சம் காற்று விட்டு உள்ளே வைத்து, டயரின் கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். நெம்புகோலால் தள்ளினால் டியூபைக் கடித்துப் புது ஓட்டை போடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள் இல்லை, காற்று குறைவாக ஓட்டிக் குழியில் இடித்திருக்கிறீர்கள். எவ்வளவு காற்று என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

கார் கொடுத்த இடத்தில் ஒரு விதி: பின்னால் எடுக்கும்போது ஓட்டாதவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். மழையிலும்.

வயிறு, வீடு, நாய்

குழாய்த் தண்ணீர் சுத்தமில்லாத நாடுகளில் வீட்டில் வடிகட்டி இருக்கும். எப்போது மாற்றியது என்று வந்தவுடன் கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பல் துலக்கவும் அதே நீர்தான். பெரும்பாலோர் தவறுவது அங்கேயும் ஐஸ் கட்டியிலும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள், ஆபத்து. இரத்தம் தெரிந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ மிஷன் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து மருத்துவ ஆலோசகரிடம் பேச வைப்பார்கள். மலேரியா உள்ள இடத்தில் டாக்ஸிசைக்ளின் தந்தால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேண்டும்; அந்தப் பகுதியை விட்டு வந்தபின்னும் நான்கு வாரம் விழுங்க வேண்டும்.

பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரம், எல் ஆல்டோ 4,100-ஐ ஒட்டி. முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாக நடங்கள். தலைவலியோடு நடை தடுமாறினால் ஓய்வு போதாது, கீழே இறக்க வேண்டும்.

வீட்டில் எரிவாயு வெந்நீர்க் கருவி இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பாருங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் காய்ச்சல் இல்லை, அந்த வாயு. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி அலுவலகத்துக்கு அழையுங்கள்.

நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கடியைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், பிறகு அன்றே ஊசி. "சின்னக் கீறல்தானே" என்று விடக்கூடாது. வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் மருந்து கிடையாது.

விருந்துக்குக் கூப்பிட்டால் கொடுத்ததைச் சாப்பிடுவதே மரியாதை. காபி, தேநீர், மது, புகையிலை கூடாது; பச்சைத் தேநீரும் ஐஸ் காபியும் அதில் அடங்கும் என்று 2019-இல் சபை தெளிவுபடுத்தியது. மூலிகைக் கஷாயம் கூடும். கோப்பை கைக்கு வந்தபின் மறுத்தால் வீட்டம்மா புண்படுவார். அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதே "எங்களுக்கு வெறும் தண்ணீர் போதும்மா" என்று கேட்டுவிடுங்கள். காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம்.

எதிர்ப்பாலினத்தவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது. வாசல் படியில் உட்கார்ந்து பேசுங்கள், அல்லது சபையிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். நீச்சலுக்கும் தடை உண்டு, கடற்கரை ஊரில் இது சிலருக்குக் கஷ்டம்தான்.

மாதப்படி

படி வந்த அன்றே நான்காகப் பிரியுங்கள். முதல் வாரம் வெளியே சாப்பிட்டுக் கடைசி வாரம் வெறும் சோறு தின்பது புதியவர்களின் வழக்கம். ரசீதை வைத்திருங்கள், பயணச் செலவு திரும்பக் கிடைக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் என்பதால் அந்த சனிக்கிழமை நடையைக் குறைத்து நீர் அதிகம் குடியுங்கள். யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், நீங்கள் பாடம் நடத்தும் குடும்பத்துக்கும்கூட. பசி என்று தெரிந்தால் உள்ளூர் பிஷப்பிடமோ கிளைத் தலைவரிடமோ (சிறிய உள்ளூர்ச் சபையின் தலைவர்) சொல்லுங்கள், அதற்கென்று சபையில் நிதி இருக்கிறது.

திரும்பும்போது

கடைசி இடமாற்றத்தில் பெட்டியைக் குறைக்கத் தொடங்குங்கள். பழைய சட்டைகளை அடுத்து வருகிறவருக்கு விட்டுவிடலாம். விமானம் இறங்கியதோடு மிஷன் முடிவதில்லை. ஸ்டேக் தலைவர் விடுவிக்கும்வரை பெயர்ப்பட்டையும் விதிகளும் தொடரும். அதனால் அவரோடு அன்று மாலைக்கே நேரம் குறித்து வைக்கச் சொல்லி வீட்டாருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

முதல் சில வாரம் தனியாகக் கடைக்குப் போவதே விநோதமாக இருக்கும். காலியாக உட்கார வைக்காத ஏதாவது, கல்லூரிப் பருவமோ பகுதிநேர வேலையோ, இரண்டு மூன்று வாரத்துக்குள் தொடங்கும்படி புறப்படும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள் குடற்புழுவுக்கு மலப் பரிசோதனையும், காசநோய் பரவலான நாட்டிலிருந்து வந்தவர்கள் அதற்கான பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.